சிறு பண்ணையில் லாமா: ஒன்ராறியோவில் புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு

கிழக்கு ஒன்ராறியோவில் ஐந்து, பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடிபோகும் நம்மவர்களிற் சிலர் முதலில் கோழி வளர்க்கிறார்கள், அடுத்து ஆடு வாங்குகிறார்கள், பிறகு அயற்பண்ணையின் செம்மறி மந்தை நடுவே கழுத்தை நிமிர்த்தி நிற்கும் லாமாவைக் கண்டு, அதையும் வளர்த்துப் பார்க்கலாமா என்று விசாரிக்கிறார்கள். வளர்க்கலாம். மாட்டைவிடக் குறைவாகத் தின்று, இந்நாட்டுக் குளிரை நன்றாகத் தாங்கி, பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய, அமைதியான விலங்கு அது. ஆனால் லாமா தன் நோவை வெளியே காட்டுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மெலிந்தால் கம்பளி மறைத்துவிடுகிறது. வலித்தால் கத்தாமல் நின்றுகொள்கிறது. விழுந்து படுத்தபின்பே வளர்ப்பவருக்குத் தெரியவருகிறது. ஆகவே, அதை நெருங்கித் தொட்டுப் பார்க்கக்கூடிய ஏற்பாடுகளை அது வந்து சேர்வதற்கு முன்பே செய்து வைக்க வேண்டும். கீழே சொல்லப்படும் பெரும்பாலானவை அதற்காகவே.

விலங்கை அறிதல்

லாமா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டிஸ் மலைவாசிகள் குவானாக்கோ என்னும் காட்டு விலங்கிலிருந்து ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பழக்கி எடுத்தார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் கடல் மட்டத்திலிருந்து 3,500 மீற்றருக்கு மேலுள்ள மேட்டுநிலங்களில், காய்ந்து கடினமான புல்லைத் தின்று, வறண்ட குளிர்காற்றில் வாழ்ந்து பழகிய உடல் அது. மூன்று அறைகள் கொண்ட வயிறும் அசைபோடும் பழக்கமும் இருப்பதால், மட்டமான புல்லிலிருந்தும் சத்தைப் பிழிந்தெடுத்துக்கொள்ளும். செழித்த தீவனம், ஈரலிப்பான வெயில், சேற்று நிலத்துப் புழுக்கள் ஆகிய மூன்றையும் அதன் உடல் அறியாது. இங்கே அதற்கு வரும் துன்பங்களிற் பெரும்பாலானவை இம்மூன்றினாலேயே வருகின்றன.

வளர்ந்த லாமா 130 முதல் 200 கிலோ வரை எடையிருக்கும். அல்பாக்காவை லாமாக் குட்டி என்று நினைத்து வாங்குவோரும் உண்டு. அல்பாக்கா வேறு விலங்கு, எடையில் லாமாவின் பாதிக்கும் குறைவு, கம்பளிக்காகவே வளர்க்கப்படுவது. சுமை தூக்கவோ மந்தையைக் காக்கவோ அது ஏற்றதல்ல.

எத்தனை, எவை வாங்குவது

குறைந்தது இரண்டு வாங்க வேண்டும். மந்தையாக வாழும் விலங்கைத் தனியே நிறுத்துவது கொடுமை; உண்ணாமல் குன்றிப்போகும். செம்மறி மந்தைக்குக் காவலாக வைப்பது மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆடுகளே அதற்குத் துணை. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவல் லாமா வைத்திருந்த செம்மறிப் பண்ணையாளர்களிடம் விசாரித்துத் திரட்டிய அனுபவத்தின்படி, காயடித்த ஒரு கடாவை மட்டும் மந்தையோடு விடுவதே நல்ல பலன் தருகிறது. பலவற்றை விட்டால் அவை தமக்குள் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஆடுகளைக் கவனிக்காமல் விடக்கூடும். தனியாக வரும் கொயோட்டியையோ நரியையோ லாமா துரத்திவிடும். கூட்டமாக வரும் நாய்களுக்கு முன்னால் அதுவும் இரைதான். லாமாவைக் காவலுக்கு வைத்தபின் வேலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, மூன்று வயதைத் தாண்டிய, காயடிக்கப்பட்ட, முகவார் (பிடித்து நடத்துவதற்காகத் தலையில் மாட்டும் வார்) மாட்டி நடத்திப் பழகிய இரண்டு கடாக்கள். காயடிக்காத கடாவோடு தொடங்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, தாயைப் பிரிந்து புட்டிப்பாலில் தனியே வளர்ந்த ஆண் குட்டியை, அது எவ்வளவு அழகாக மடியில் தலைவைத்தாலும், வாங்கவே கூடாது. மனிதரைத் தன் இனமென்று எண்ணி வளரும் அந்தக் குட்டி, பருவம் வந்தபின் மற்றக் கடாவோடு மோதுவது போலவே மனிதரோடும் மோதும். மார்பால் இடித்துத் தள்ளும், கடிக்கும். 150 கிலோ விலங்கு அப்படிச் செய்யும்போது உயிராபத்து. அன்பு மிகுதியால் வளர்ப்பவர் செய்யும் தவறுக்கு அந்த விலங்கு தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விற்பவரிடம் சென்றால், நீங்கள் பார்க்கும்போதே லாமாவைப் பிடித்து, முகவார் மாட்டி, நடத்தி, நான்கு கால்களையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவராலேயே பிடிக்க முடியாத விலங்கை உங்களாலும் பிடிக்க முடியாது. புழு மருந்து, தடுப்பூசிப் பதிவுகளைக் கேளுங்கள். புழுக்கையைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்தபின் பணம் கொடுங்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் நேராகப் பொருந்துகின்றனவா, பின்னங்கால்கள் தடுமாறாமல் ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். 1980களில் வட அமெரிக்காவில் இனவிருத்திக்கான பெட்டைகள் பல ஆயிரம் டொலருக்கு விலைபோய், பின்னர் அந்தச் சந்தை சரிந்தது. இன்று குட்டி விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம்.

வேலி, கொட்டில், பிடிக்கும் பட்டி

நல்ல புல்வெளியானால் ஏக்கருக்கு மூன்று அல்லது நான்கு லாமாக்கள் மேயலாம். நிலத்தை மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து மாறி மாறி மேய விடுவது புல்லுக்கும் நல்லது, புழுத்தொல்லையும் குறையும். வேலி 1.2 முதல் 1.5 மீற்றர் உயரமுள்ள நெருங்கிய கம்பிவலையாக இருக்கட்டும். முட்கம்பி வேண்டாம், கழுத்தையும் கண்ணையும் கிழித்துவிடும். லாமா வேலி தாண்டுவது அரிது, ஆகவே வேலி பெரும்பாலும் நாய்களை வெளியே நிறுத்துவதற்கானது என்று எண்ணிக் கட்டுங்கள். கொயோட்டியைவிட அயல்வீட்டு நாயே பெரிய ஆபத்து.

கொட்டிலுக்கு மூன்று பக்கச் சுவரும் கூரையும் போதும். இங்கே குளிர்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், திறந்த பக்கம் தெற்கையோ தென்கிழக்கையோ பார்க்க வேண்டும். ஒரு விலங்குக்கு நான்கு சதுர மீற்றர் என்று கணக்கிடலாம். தண்ணீர் உறையாதபடி மின்சூடேற்றும் வாளி ஒன்று வாங்கியே ஆகவேண்டும். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டால் தீவனமும் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட முதன்மையானது, கொட்டிலின் ஓரமாக மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் அளவில் அமைக்கும் சிறிய பிடிக்கும் பட்டி. தினமும் தீவனத்தில் ஒரு பங்கையாவது அதற்குள் வையுங்கள். நுழைவது பழக்கமானால், தேவைப்படும் நாளில் கதவைச் சாத்துவதோடு வேலை முடிந்தது. பட்டி இல்லாமல் பத்து ஏக்கரில் லாமாவைத் துரத்துபவர் ஒருநாளும் அதைப் பிடிக்கமாட்டார். அதுவும் அவரை ஒருநாளும் நம்பாது.

நிலத்தைச் சுற்றி நடந்து நச்சுச் செடிகளைக் களையுங்கள். ஊசியிலையும் சிவந்த பழமும் உள்ள யூ வேலிச்செடி, ரோடோடென்ரன், வாடிய காட்டுச் செரி இலை ஆகியவை கொல்லும். அயலவர் நல்லெண்ணத்தோடு வேலிக்கு மேலால் எறியும் தோட்டக் கழிவில் யூ கிளை இருக்கக்கூடும் என்பதால், அவர்களிடமும் ஒருமுறை நேரில் சொல்லி வைப்பது நல்லது.

லாமாக்கள் எல்லாம் ஓரிரு இடங்களிலேயே புழுக்கை போடும். வந்த முதல் நாளில், பழைய இடத்திலிருந்து ஒரு மண்வெட்டி புழுக்கையைக் கொண்டுவந்து நீங்கள் விரும்பும் மூலையில் கொட்டிவிட்டால், பெரும்பாலும் அதையே தம் இடமாக ஏற்றுக்கொள்ளும்.

தீவனம்

உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் காய்ந்த தீவனம் ஒரு நாளைக்குப் போதும். 150 கிலோ லாமாவுக்கு மூன்று கிலோ. ஒக்டோபர் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை மேய்ச்சல் இல்லாத 200 நாட்களுக்கு ஒன்றுக்கு 600 கிலோ உலர்புல் வேண்டும். இருபது கிலோக் கட்டுகளானால் முப்பது. சிந்துவதையும் பூஞ்சை பிடிப்பதையும் சேர்த்து முப்பத்தைந்து. இரண்டு லாமாவுக்கு எழுபது கட்டுகளைக் கோடை முடியுமுன் வாங்கி அடுக்கிவிடுங்கள். பெப்ரவரியில் தேடினால் விலையும் கூடும், தரமும் குறையும்.

திமோதிப் புல் போன்ற சாதாரணப் புல்வகைகளே ஏற்றவை. குதிரைமசால் எனப்படும் அல்பால்பாவைத் தொடர்ந்து கொடுத்தால் கொழுத்துவிடும். தானியம் பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை. தாதுஉப்பை லாமாவுக்கென்று தயாரித்ததாக வாங்குங்கள். மாட்டுக்குரிய கலவையில் உள்ள செம்பு இவற்றுக்கு நஞ்சாகலாம். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சேர்க்கப்படும் மொனென்சின், சலினோமைசின் ஆகிய மருந்துகள் ஒட்டக இனத்தைக் கொல்லக்கூடியவை. கோழியும் லாமாவும் ஒரே வளவில் இருந்தால் தீவனப் பைகளை வேறு வேறு அறையில் பூட்டி வையுங்கள்.

முகவார் மாட்டுதல்

ஹால்டர் என்னும் முகவாரைச் சரியாகப் பொருத்தத் தெரிந்துகொள்வதே புதியவர் கற்க வேண்டிய முதற் கைத்தொழில். லாமா பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும். அதன் மூக்கெலும்பு கண்ணுக்குக் கீழே கொஞ்சத் தூரம்தான் போகிறது. அதற்கு அப்பால் மெல்லிய குருத்தெலும்பு. மூக்குப்பட்டை வழுகி அந்த மென்பகுதியில் விழுந்தால் மூச்சு அடைக்கிறது. லாமா திமிறுகிறது, துப்புகிறது, படுத்துக்கொள்கிறது. பார்ப்பவர் அதை முரட்டுத்தனம் என்கிறார். உண்மையில் அது மூச்சுத்திணறல்.

ஆகவே மூக்குப்பட்டை கண்ணுக்கு மிக அருகில், எலும்பின் மேல் அமர வேண்டும். அசைபோட வாய் திறக்க இடமிருக்குமாறு அது தளர்வாகவும், வழுகி முன்னே வராதபடி காதின் பின்னால் போகும் வார் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். மாட்டியபின் மூக்குப்பட்டையை நுனி நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். எலும்பைத் தாண்டி வந்தால் அளவு தவறு. மேய விடும்போது முகவாரைக் கழற்றிவிட வேண்டும். கிளையிலோ வேலியிலோ மாட்டிக்கொண்டு கழுத்து முறிந்த விலங்குகள் உண்டு.

முதல் வாரத்தில் எதுவும் மாட்ட வேண்டாம். பட்டிக்குள் நின்று, நேரே முகத்தைப் பாராமல், தோளருகே வந்து கழுத்தடியைத் தொட்டுவிட்டு விலகுங்கள். தலையைத் தடவுவதை லாமா விரும்பாது. காதைப் பின்னால் மடித்து மூக்கை உயர்த்தினால் துப்பப் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஓரடி பின்வைத்தால் அது உங்களைப் புரிந்துகொள்ளும்.

மாதம் ஒருமுறை கைவைத்துப் பார்த்தல்

என் பண்ணையில் முதல் குளிர்காலத்தில் ஒரு கடா நாளும் தீவனத் தொட்டியருகே வந்து நின்றது, பருமனாகவே தோன்றியது. மார்ச்சில் தற்செயலாக முதுகில் கை வைத்தபோது முள்ளந்தண்டு கூரைமுகடு போல் கையில் குத்தியது. துணைக்கடா அதை ஒதுக்கித் தள்ளியதால் மாதக்கணக்கில் அரைவயிறாக இருந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அதன் கம்பளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் மாதம் ஒருமுறை, நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, பட்டியில் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். தோளுக்குச் சற்றுப் பின்னால் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, பெருவிரலும் மற்ற விரல்களும் இருபுறமும் சரியுமாறு அழுத்துங்கள். சரிவு நேராக இருந்தால் உடல் நல்ல நிலை. உள்வாங்கிக் குழிந்திருந்தால் மெலிவு. வெளிப்புறம் உப்பியிருந்தால் கொழுப்பு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு இருக்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள். லாமாவின் பாதம் இரண்டு விரலும் மெத்தென்ற அடியும் கொண்டது. நகம் வளைந்து வளர்ந்தால் விரல் திரும்பிவிடும். ஆண்களுக்கு இரண்டு மூன்று வயதில் கூரிய சண்டைப்பற்கள் முளைக்கும். அவற்றை மிருகவைத்தியர் அறுத்துவிடுவார். ஓய்வாக நிற்கும் வளர்ந்த லாமாவின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.9 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நலமாக உள்ளபோதே அளந்து குறித்து வைத்தால், நோய் வரும்போது ஒப்பிட உதவும்.

மான்புழு

கிழக்கு ஒன்ராறியோவில் லாமா வளர்ப்பவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. வெள்வால் மானின் மூளையுறையில் ஒரு புழு வாழ்கிறது. மானுக்கு அதனால் தீங்கில்லை. புழுவின் குஞ்சுகள் மானின் புழுக்கையோடு வெளியேறி, நத்தைக்குள்ளும் ஓடில்லா நத்தைக்குள்ளும் புகுந்து வளர்கின்றன. ஈரப் புல்லோடு அந்த நத்தையை லாமா தின்றால், புழு மானுக்குள் செல்லும் பாதையையே தேடித் தண்டுவடத்துக்குள் நுழைந்து, வழி தெரியாமல் அலைந்து நரம்பைச் சிதைக்கிறது. பின்னங்கால் இழுபடும், நடை தள்ளாடும், எழ முடியாமற் போகும். தின்ற நாளுக்கும் தள்ளாட்டத்துக்கும் இடையே ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், செப்டெம்பரில் தின்றதன் விளைவு பனி விழுந்த பிறகும் தெரியவரும். முதல் தள்ளாட்டத்திலேயே வைத்தியரை அழைத்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. படுத்தபின் வாய்ப்பு மிகக் குறைவு.

மான் வரும் காட்டோரத்தையும் தாழ்ந்த ஈரநிலத்தையும் மேய்ச்சலிலிருந்து விலக்கி வேலியிடுங்கள். இலைக்குப்பையையும் உக்கிய மரத்துண்டுகளையும் அகற்றுங்கள். இதற்கு மேல், நத்தை நடமாடும் மாதங்களில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் வகை மருந்தைத் தோலின் கீழ் ஊசியாகப் போடுவது இப்பகுதியின் வழக்கம். எந்த மருந்து, எந்த அளவு, எந்த மாதம் முதல் எதுவரை என்பதை உங்கள் பகுதியை அறிந்த மிருகவைத்தியரே சொல்ல வேண்டும். இதற்கு விலையும் உண்டு: அதே மருந்தை மாதந்தோறும் போடுவதால் வயிற்றுப்புழுக்கள் அதற்குப் பழகி, சாகாமல் விடுகின்றன. எனவே வயிற்றுப்புழுவுக்குக் கண்மூடி மருந்து கொடுக்காமல், புழுக்கையில் முட்டை எண்ணிக்கை பார்த்தபின் வேறு வகை மருந்தைக் கொடுக்க வேண்டும். ஏற்புவலிக்கும் குளொஸ்ட்ரிடியம் என்னும் பற்றீரியா வகையால் வரும் மற்ற நோய்களுக்குமான ஆண்டுத் தடுப்பூசியையும், விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் அதே வைத்தியரிடம் பேசி முடிவு செய்யுங்கள். எல்லா மிருகவைத்தியர்களும் லாமா பார்ப்பதில்லை. விலங்கை வாங்குமுன் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கடினமான நோய்களில் அவர்கள் குவெல்ஃபில் உள்ள ஒன்ராறியோ மிருகவைத்தியக் கல்லூரியைக் கலந்தாலோசிப்பதும் உண்டு.

வெயிலும் குளிரும்

மைனஸ் இருபது பாகைக்கு லாமா அஞ்சாது. மழையில் நனைந்தபின் வீசும் காற்றுக்கும், ஈரலிப்பான யூலை வெயிலுக்குமே அஞ்ச வேண்டும். பரனைட் பாகையையும் காற்றின் ஈரப்பத வீதத்தையும் கூட்டி 150ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 180ஐ நெருங்கினால் ஆபத்து என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. 30 பாகை செல்சியஸ் என்பது 86 பரனைட். ஈரப்பதம் 70 என்றால் கூட்டுத்தொகை 156 ஆகிவிடுகிறது. மே மாதத்திலேயே முன்கால் பின்னாலிருந்து பின்கால் முன்னால் வரை, வயிற்றையும் சேர்த்துச் சுற்றிக் கம்பளியைக் கத்தரித்துவிடுங்கள். வெயிலின் சூட்டைத் தடுக்க ஓரங்குலம் விட்டு வெட்டுவது நல்லது. வெப்பம் ஏறிய நாளில் தண்ணீரை வயிற்றிலும் கால்களுக்கு இடையிலும் அடியுங்கள். முதுகில் ஊற்றினால் கம்பளி நனைந்து சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை.

கத்தரித்த கம்பளி ஒரு லாமாவிலிருந்து ஒன்றரை இரண்டு கிலோ கிடைக்கலாம். வெளிப்புறச் சொரசொரப்பான மயிரைப் பிரித்தபின் உள்மயிரை நூற்கலாம். பொறுமை வேண்டிய வேலை.

குட்டி

இரண்டு ஆண்டுகளாவது வளர்த்துப் பழகியபின் மட்டுமே இதை எண்ணுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 350 நாட்கள். ஒரே குட்டி, பெரும்பாலும் காலையிலிருந்து நடுப்பகலுக்குள் பிறக்கும். இரவில் முக்கினாலோ, அரைமணி நேரம் முக்கியும் முன்னேற்றமில்லாவிட்டாலோ வைத்தியரை அழையுங்கள். தாய் நாக்கால் நக்கித் துடைக்காது. அதன் நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. குளிரான நாளில் நீங்கள் துடைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழ வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். பிறப்பு யூன் மாதத்தில் அமையுமாறு சேர்க்கையைத் திட்டமிடுங்கள். இலையுதிர் காலத்தில் பிறக்கும் குட்டிக்கு வெயில் போதாமல் விற்றமின் டி குறைந்து எலும்பு வளையும்.

பயணம் போகும்போது

டிசெம்பரில் ஊருக்குப் போக நினைப்பவர்கள், புல் போடுவதற்கு மட்டுமல்லாமல் முகவார் மாட்டவும் தெரிந்த ஒருவரை அதற்கு முன்பே பழக்கி வைக்க வேண்டும். நீங்கள் நிற்கும்போதே அவரை நான்கைந்து முறை பட்டிக்குள் வரவழைத்து, அவர் கையாலேயே மாட்டவும் முதுகில் கைவைத்துப் பார்க்கவும் செய்யுங்கள். வைத்தியரின் எண், கடைசியாக ஊசி போட்ட நாள், ஒவ்வொன்றின் எடை, இயல்பான உடல் வெப்பம் ஆகியவற்றை எழுதிக் கொட்டில் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.